பிஸ்டன் பேனா குமிழ் இறுகிவிட்டது: கழுவுவதா, கிரீஸ் போடுவதா?

வரைகோடு எழுதியது:

பெலிகான் எம்200, குமிழைத் திருகி உள்ளே மை இழுக்கும் பிஸ்டன் வகை மைப்பேனா. பின்பக்கக் குமிழைத் திருகினால் பாதி தூரம் சரியாகப் போகிறது, அதன் பிறகு கனக்கிறது. மை இழுக்கும்போது விட்டு விட்டு நகர்கிறது. பேரல் (மை நிற்கும் உடல்குழாய்) சுவரில் பிஸ்டன் போன வழியெல்லாம் மெல்லிய நீலக் கோடுகள். கையில் இருப்பவை: பெட்ரோலியம் ஜெல்லி, கதவுக் கீலுக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே, கணினி சிப்புக்குத் தடவும் வெள்ளை பேஸ்ட் (டப்பாவில் சிலிக்கான் என்று போட்டிருக்கிறது). இவற்றில் எதைத் தடவலாம்? பிஸ்டனைப் பின்பக்கமாகக் கழற்ற வேண்டுமா?

---

இறகுமுனை எழுதியது:

மூன்றும் வேண்டாம். கழற்றவும் வேண்டாம். முதலில் திருகுவதை நிறுத்துங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், குமிழுக்கு உள்ளே ஒரு திருகுத் தண்டு இருக்கிறது. அது சுழலும். பிஸ்டன் கம்பி சுழலாது. அதன் பக்கங்கள் தட்டையாக இருப்பதால், வழிகாட்டித் துளைக்குள் நேராக முன்னும் பின்னும் மட்டுமே போகும். குமிழின் சுழற்சி நேர்கோட்டு ஓட்டமாக மாறுவது இப்படித்தான். 1929-இல் பெலிகான் கொண்டுவந்த முதல் பிஸ்டன் பேனாவிலிருந்தே இதுதான் அடிப்படை. தியோடோர் கோவாச் என்ற பொறியாளரின் காப்புரிமை அது. குமிழ் கொஞ்சம் மேலே எழும், அதே நேரத்தில் பிஸ்டன் நெடுந்தூரம் இறங்கும். இது திருகு என்பதால், விரலால் நீங்கள் கொடுக்கும் சிறு முறுக்கு, உள்ளே பெரிய தள்ளுவிசையாகிறது. பிஸ்டன் நுனியில் சுவரை அடைத்து நிற்கும் சீல் காய்ந்த மையில் ஒட்டியிருக்கும்போது அந்த விசை போக இடமில்லை. ஒன்று கம்பி முறுக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் பிஸ்டன் தொகுதியே பேரலின் பின்பக்கமாகப் பிதுங்கி வெளியே வரும்.

எம்200, எம்400, எம்600 மூன்றிலும் அந்தத் தொகுதி அழுத்திப் பொருத்தப்பட்டது, மரை கிடையாது. முன்பக்கமிருந்து குச்சியால் தட்டி எடுக்கும் முறை ஒன்று சொல்லப்படுகிறது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அந்தப் பிடிப்பு தளரும், பேரல் விளிம்பில் விரிசலும் வரலாம். எம்800, எம்1000 வேறு. அவற்றில் பித்தளைத் தொகுதி, மரையோடு. அதுவும் இடது மரை, கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கப்படி திருகினால் மேலும் இறுகும்.

உங்கள் பேனாவுக்குப் பின்பக்கம் போகத் தேவையே இல்லை. நிப் யூனிட் (நிப்பும், அதன் அடியில் மை கொண்டுவரும் ஃபீடும் சேர்ந்தது) மரையில்தான் நிற்கிறது, முன்பக்கமாகக் கழற்றினால் பேரல் முழுக்கத் திறந்துவிடும்.

கையில் இருப்பவை பற்றி. பெட்ரோலியம் ஜெல்லி உடல் சூட்டிலேயே இளகி ஃபீடுக்குள் போய்விடும். இயற்கை ரப்பர் சீலாக இருந்தால் ஊதவும் செய்யும். ஸ்ப்ரேயில் கரைப்பான் கலந்திருக்கும், பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழும். அந்த வெள்ளை பேஸ்ட்தான் பெரிய ஆபத்து. சிலிக்கான் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு போன்ற தூள் கலந்தது அது. வெப்பம் கடத்துவதற்காகச் செய்தது, பேரலைச் சுரண்டும். டப்பாவில் ‘சிலிக்கான்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

வேண்டியது தூய சிலிக்கான் கிரீஸ். ஆழ்கடல் மூழ்காளர்கள் ஓ-ரிங்குக்கு (ரப்பர் அடைப்பு வளையம்) தடவுவது அதுதான். சிலிக்கான் எண்ணெயை நுண்ணிய சிலிக்காவால் கெட்டியாக்கியது. தண்ணீரில் கரையாது, மையோடு கலக்காது, நாளானாலும் பிசுபிசுக்காது. 5 கிராம் டப்பா ஒன்று வாங்கினால் பல வருடம் வரும்.

ஆனால் கிரீஸ் இரண்டாவது வேலை. சுவரில் நீலக் கோடு தெரிகிறது என்றீர்களே, அங்கே காய்ந்த மை இருக்கிறது. அதன் மேல் கிரீஸைத் தடவினால் மைத்துகளையும் சேர்த்து உள்ளேயே பூசி வைத்தது மாதிரிதான்.

---

நீலமை எழுதியது:

கழுவுற பகுதியை நான் சொல்றேன்.

நிப்பைக் கீழ்நோக்கிப் பிடிச்சு, அறைச் சூட்டில் இருக்கிற தண்ணீர்ல கழுத்துப் பகுதி முழுகுற அளவுக்கு நிறுத்தி வைங்க. ஒரு ராத்திரி. குமிழைத் தொட வேணாம். மறுநாள் ரெண்டு திசையிலயும் கால் சுற்று, கால் சுற்றா அசைச்சுப் பாருங்க. லேசா நகர்ந்தா போதும், திரும்ப ஊற விடுங்க. ரெண்டு மூணு நாள் ஆனாலும் பரவாயில்ல.

வெந்நீர் கூடாது. எந்தப் பிஸ்டன் பேனாவுக்கும் கூடாதுன்னு வெச்சுக்கிட்டா தப்பு நடக்காது. செல்லுலாய்டு வளையும், எபோனைட் (கெட்டியாக்கின ரப்பர்) நிறம் மாறும், ஒட்டுப்பசை இளகும். ஆல்கஹாலும் அப்படித்தான். அக்ரிலிக், பாலிகார்பனேட், செல்லுலாய்டு மூணையுமே கெடுக்கும்.

பிஸ்டன் நகர ஆரம்பிச்சதும் நிப் யூனிட்டைக் கழற்றிடுங்க. நிப்பையும் ஃபீடையும் சேர்த்துப் பிடிச்சு (நிப்பை மட்டும் பிடிச்சா அது ஃபீடு மேல நகர்ந்துடும்) மெல்லிய ரப்பர் துண்டு வெச்சு இடப்பக்கமா திருகணும். வரலைன்னா அந்த மரையிலயும் மை காய்ஞ்சிருக்கு, இன்னும் ஒரு நாள் ஊறணும்.

நிப்பைக் கழற்றிட்டா பேரலைக் கழுவ பிஸ்டனே தேவையில்ல. மொட்டை ஊசி போட்ட 5 மி.லி. சிரிஞ்சால தண்ணீர் அடிச்சு, விரலால வாயை மூடிக் குலுக்கிக் கொட்டுங்க. தண்ணீர் தெளியற வரைக்கும் பிஸ்டனை முப்பது நாற்பது தடவை மேலயும் கீழயும் ஓட்டித்தான் நிறைய பேர் கழுவுறாங்க. சீல் தேயறதும் சுவர்ல இருக்கிற கிரீஸ் வழிச்சுப் போறதும் எழுதும்போது நடக்கிறதில்ல, இந்தக் கழுவல்லதான்.

வெறும் தண்ணீர் பத்தலைன்னா 200 மி.லி. தண்ணீருக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம். அதுக்கும் அசையலைன்னா, வீட்டு உபயோக அம்மோனியா ஒரு பங்கு, தண்ணீர் பத்து பங்கு, கூட ஒரு சொட்டு சோப்பு. 15 நிமிஷம், மிஞ்சினா அரை மணி. அப்புறம் நல்ல தண்ணீர்ல நாலஞ்சு தடவை அலசணும். ப்ளீச்சோட அம்மோனியாவை எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீங்க, நச்சு வாயு வரும்.

---

வரைகோடு எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், கடைசியாக இருந்தது இரும்பு-டானின் மை. அம்மோனியா அதற்கும் சரியா?

---

நீலமை எழுதியது:

நல்ல வேளை கேட்டீங்க. அதுக்கு வரிசை மாறும்.

அந்த மை அமிலத் தன்மையா இருக்கிற வரைக்கும்தான் அதுல இரும்பு கரைஞ்சிருக்கும். காரமான அம்மோனியாவை நேரா ஊத்தினா இரும்பு படிஞ்சு, இருக்கிற அடைப்பு இன்னும் கெட்டியாகும். அதனால முதல்ல வெறும் தண்ணீர், சோப்பு கூட வேணாம். அடுத்து அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி தூள், 100 மி.லி. தண்ணீருக்கு 1 கிராம் கணக்குல கரைச்சு அரை மணி நேரம். கறுத்து நிக்கிற இரும்பை அது திரும்பக் கரையற நிலைக்குக் கொண்டுவரும், கறை கண் முன்னாலயே வெளுக்கும். மாத்திரையைப் பொடிச்சுப் போடாதீங்க. அதுல நிறமும் கரையாத மாவும் இருக்கும். எஃகு நிப்பை அரை மணிக்கு மேல அந்த அமிலத்துல விட வேணாம். பிறகு நல்லா அலசிட்டு, சாயம் மிச்சம் இருந்தா மட்டும் அம்மோனியா.

---

மரைக்கண் எழுதியது:

ஒரு திருத்தம் சேர்க்கிறேன். உடல் பாலிகார்பனேட் என்றால் அம்மோனியாவைத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பிளாஸ்டிக்கைக் காரம் தாக்கும். ஒளி ஊடுருவும் பேனாக்கள் பலவும், லாமி 2000-இன் உடலும் அந்த வகைதான் (மக்ரோலான் என்பது பாலிகார்பனேட்டின் வணிகப் பெயர்). அவற்றுக்குச் சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான்.

லாமி 2000-இல் கழுத்தைத் திருகிக் கழற்றும்போது, கழுத்துக்கும் பேரலுக்கும் நடுவில் சின்னக் காதுகளோடு ஒரு மெல்லிய உலோக வளையம் இருக்கும். மூடியைப் பிடிப்பது அதுதான். கைகழுவும் தொட்டிக்கு மேல் வைத்துக் கழற்றினால் அது நேரே ஓட்டைக்குள் போய்விடும். கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

கடுகளவு எழுதியது:

இப்போது கிரீஸ். வீட்டில் செய்யும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் அளவு கூடியதால்தான், அதனால் அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

பேரலும் சீலும் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரச் சுவரில் கிரீஸ் ஒட்டாது, உருண்டு நிற்கும். டிஷ்யூவைத் திரிபோல முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்து, ஒரு நாள் திறந்து வையுங்கள்.

பல்குத்தியின் கூர்முனையை நறுக்கி மழுக்கிக்கொள்ளுங்கள். கிரீஸில் தொட்டு எடுத்ததை டப்பா விளிம்பிலேயே வழித்துவிட்டு, குச்சியின் நுனியில் ஈரம் மாதிரி பளபளப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். கட்டியாகத் தெரிந்தால் அதிகம். மொத்தமே கடுகில் பாதி.

பிஸ்டனைப் பாதி தூரத்தில் நிறுத்துங்கள். சீலுக்கு 3, 4 மி.மீ. முன்னால், சுவரைச் சுற்றி ஒரே வளையமாக அந்தக் குச்சியை இழுங்கள். முழுச் சுவருக்கும் பூச வேண்டாம், பரப்பும் வேலையைப் பிஸ்டனே செய்யும். மெதுவாக மேலும் கீழும் ஐந்து தடவை ஓட்டுங்கள். பேரல் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சீல் சுவரைத் தொடும் இடம் மங்கலான சாம்பல் பட்டையாக இருந்தது, கிரீஸ் பட்டதும் அடர்ந்த, விட்டுப்போகாத ஒரு வளையமாக மாறும். அந்த வளையம் ஓரிடத்திலும் அறுபடாமல் இருந்தால் வேலை முடிந்தது. குமிழும் வெண்ணெயில் போவது மாதிரி ஆகிவிடும்.

பிறகுதான் முக்கியமான வேலை. பிஸ்டனை முன்கோடி வரை இறக்குங்கள். அது தள்ளிக்கொண்டு வந்த உபரி கிரீஸ் முன்வாயில் சின்ன உதடு மாதிரி திரண்டு நிற்கும். அதைப் பஞ்சு உதிராத துணி நுனியால் துடைத்தெடுங்கள். விட்டுவிட்டால் அடுத்த தடவை மை நிரப்பும்போது ஃபீடின் வால்பகுதியில் போய் ஒட்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம். அதிலிருந்து ஒரே ஒரு இழை உதிர்ந்து சீலுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினாலும், மை பின்னால் ஏற அதுவே வழி.

பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துவிட்டு நிப் யூனிட்டை மாட்டுங்கள். முன்னால் இருந்தால் ஃபீடின் வால் அதில் இடிக்கும். நிப் மரைக்கு கிரீஸ் பொதுவாகத் தேவையில்லை. கழுத்தின் உள்ளே மை கசிகிறது என்றால் மட்டும், பேரலை ஒட்டிய கடைசி இரண்டு மரைக்கு ஒரு தொடுதல்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று நாள்கணக்கு கிடையாது. குமிழ் கனக்கும்போது, கீச்சிடும்போது, பிஸ்டன் துள்ளித் துள்ளி நகரும்போது.

---

சுழல்திருகு எழுதியது:

கிரீஸை விட சிலிக்கான் எண்ணெய் சுலபம் என்பது என் கருத்து. ஒரு சொட்டு விட்டால் தானே பரவும். சில பிஸ்டன் பேனாக்களோடு வரும் குப்பியில் எண்ணெய் போலத்தானே இருக்கிறது?

---

கடுகளவு எழுதியது:

தானே பரவும் என்பதுதான் எண்ணெயின் குறையும். சுவரோடு நிற்காமல் ஃபீட் வரை ஊர்ந்து போகும். பின்பக்கமாகக் கழற்றி, சீலின் விளிம்பில் மட்டும் தொட்டு வைக்கிற பேனாக்களில் எண்ணெய் தவறில்லை, அங்கே அளவு கட்டுக்குள் இருக்கும். முன்பக்கமாகத் தடவுகிறபோது எடுத்த இடத்தில் நிற்கும் கிரீஸ்தான் பாதுகாப்பு. சீல் சிலிக்கான் ரப்பராக இருந்தால் இரண்டுமே கொஞ்சம் ஊறி அதை ஊதவைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்போது அளவு இன்னும் குறைவு.

---

தெளிபேரல் எழுதியது:

ட்விஸ்பி 580 பிஸ்டன் பேனாவை அதோடு வந்த சாவியால் பின்பக்கம் கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டினேன். இப்போது பிஸ்டன் முழுதும் பின்னால் வந்தும் குமிழ் மூடவில்லை, 2 மி.மீ. இடைவெளி. இறுக்கிவிடலாமா?

---

மரைக்கண் எழுதியது:

இறுக்காதீர்கள். திருகுத் தண்டும் பிஸ்டன் கம்பியும் தவறான இடத்தில் கோத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

குமிழ் எவ்வளவு திறந்திருக்கும்போது கம்பி தண்டின் மரையைக் கவ்வுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். குமிழ் அதிகம் திறந்த நிலையில் கவ்வினால், மூடுவதற்குள் கம்பி கூடுதலாக உள்ளிழுக்கப்பட்டு, குமிழுக்கு முன்பே பிஸ்டன் பின்கோடியை அடைந்துவிடும். உங்களுக்கு நடந்தது இது. கழற்றி, கம்பியைத் தண்டிலிருந்து விடுவித்து, குமிழை இன்னும் ஒரு சுற்று மூடிய நிலையில் கவ்வ விடுங்கள். இதற்கு நேர்மாறும் உண்டு. குமிழ் நன்றாக மூடும், பிஸ்டன் பின்னால் முழுதும் வராது, மை குறைவாகப் பிடிக்கும். அதற்கு ஒரு சுற்று திறந்த நிலையில் கவ்வ விட வேண்டும். பேரலுக்குள் போடுவதற்கு முன்பே குமிழை மூடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

தொகுதியைத் திரும்ப மாட்டும்போது முதலில் விரலாலேயே மரையைப் பிடிக்க விட்டு, கடைசியில் மட்டும் சாவி. நின்ற பிறகு அழுத்த வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் அன்றைக்கு ஒன்றும் காட்டாது, சில மாதம் கழித்து மரையடியில் விரியும்.

---

தெளிபேரல் எழுதியது:

சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் எழுத்து இப்போது விட்டு விட்டு வருகிறது. மை நிப்பின் அடியில் முத்து முத்தாக நிற்கிறது.

---

கடுகளவு எழுதியது:

ஃபீடில் கிரீஸ் ஏறியிருக்கிறது. முத்தாக நிற்பதே அடையாளம். கிரீஸ் பட்ட பரப்பில் மை படராது, நுண்குழாய் ஈர்ப்பும் வேலை செய்யாது. தண்ணீரில் ஊறவைத்தால் போகாது. நிப்பையும் ஃபீடையும் பிரித்து, பாத்திரத் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் நேராகத் தடவி, மென்மையான பல்துலக்கியால் ஃபீடின் வரிகளோடு தேயுங்கள். மை ஓடும் நடுக்கால்வாயில் துலக்கி மயிர் போகாது. மெல்லிய அட்டையின் விளிம்பைச் சோப்பில் நனைத்து ஒரு தடவை இழுங்கள். உலோகத் தகடு வேண்டாம், கால்வாயில் கீறல் விழுந்தால் மையின் ஓட்டமே மாறும். அலசியபின் ஃபீடின் மேல் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். படர்ந்தால் சுத்தம், உருண்டால் இன்னொரு தடவை.

---

பழம்பேனா எழுதியது:

பழைய பேனா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. 1930களின் பெலிகான் 100 போன்றவற்றில் சீல் தக்கையால் ஆனது. செயற்கை சீல் வந்தது 1940களின் தொடக்கத்தில்தான். காய்ந்து சுருங்கிய தக்கைக்கு கிரீஸ் தடவுவதால் பயனில்லை, அது சுவரைத் தொடுவதே இல்லையே. தண்ணீரை உள்ளே விட்டு இரண்டு நாள் ஊறவைத்தால் சில தக்கைகள் விரிந்து திரும்ப அடைக்கும். விரிந்த பின் பேனாவைக் காயவிடக் கூடாது, மையோடேயே இருக்கட்டும். விரியாவிட்டால் தக்கையை மாற்றுவதுதான் வழி. புதிய தக்கையை உருக்கிய மெழுகில் ஊறவைத்து அளவுக்குத் தேய்த்துப் போடுவார்கள், அது பழுதுபார்ப்பவரின் வேலை. மான்ட்பிளாங்க் 146, 149 இரண்டையும்கூட வீட்டில் திறக்காதீர்கள். நிப்புக்கும் பிஸ்டனுக்கும் தனித்தனிக் கருவி வேண்டும், இடுக்கி வைத்தால் உடையும்.

---

வரைகோடு எழுதியது:

மூன்று நாள் ஊறலுக்குப் பிறகு பிஸ்டன் முழுத் தூரமும் நகர்ந்தது. அஸ்கார்பிக் அமிலத்தில் நீலக் கோடுகள் போயின. கிரீஸ் இன்னும் வரவில்லை, அதற்குள்ளேயே முக்கால்வாசி கனம் குறைந்துவிட்டது. ஒரே கவலை: சீலுக்குப் பின்னால் ஒரு துளி தெரிகிறது. சீல் போய்விட்டதா?

---

இறகுமுனை எழுதியது:

ஊறவைத்தபோது பின்னால் ஏறிய தண்ணீராகவும் இருக்கலாம். ஒரு சோதனை செய்தால் தெரிந்துவிடும்.

முதலில் அந்தத் துளியைக் காய விடுங்கள். பிஸ்டனை முன்கோடிக்கு இறக்கி, நிப் இல்லாமல் நாலைந்து நாள் திறந்து வைத்தால் போய்விடும். கிரீஸ் வந்ததும் தடவி, நிப்பை மாட்டி, நிறம் கலந்த தண்ணீரை நிரப்புங்கள் (பழைய மையில் இரண்டு சொட்டு போதும்). நிப்பைத் துடைத்து, மேல்நோக்கி 12 மணி நேரம் நிறுத்துங்கள். சீலின் மேல் தண்ணீர் முழுப் பாரத்தோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நிலை. பின்னால் நிறம் தெரியாவிட்டால் சீல் நன்றாக இருக்கிறது.

தெரிந்தால் பிஸ்டனை நகர்த்தாமல், பேரலை மட்டும் சுழற்றி எந்தப் பக்கத்தில் நிறம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் கோடாக இருந்தால் அங்கே சீலில் கீறல் இருக்கும், அல்லது சுவரில் இழையோ துகளோ ஒட்டியிருக்கும். மறுபடி துடைத்துச் சோதிக்கலாம். வட்டம் முழுக்க ஏறியிருந்தால்தான் சீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கூடுதல் கிரீஸால் அடைக்கப் பார்க்க வேண்டாம், நாலு தடவை மை நிரப்பியதும் அது வழிந்து ஃபீடுக்குப் போகும். எம்200-இல் அப்போது முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கிரீஸ் வரும்வரை பேனாவைக் காலியாக வையுங்கள். நிப்பை டிஷ்யூவில் சுற்றிக் கீழ்நோக்கி ஓர் இரவு நிறுத்தினால் ஃபீடில் மிஞ்சிய தண்ணீரை அது உறிஞ்சிவிடும். உலர்ந்த சீலை உலர்ந்த சுவரில் ஓட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம்.